மீட்டரில் குறைந்த மணிநேரம் காட்டும் பழைய பொக்லைன்: வாங்குவோர் கவனத்துக்கு

பழைய பொக்லைன் வாங்கப் போகிறவரிடம், பழைய வண்டிகளை விற்கும் யார்டுக்காரர் "வண்டி அதிகம் ஓடலைங்க, மீட்டரைப் பாருங்க" என்று சொன்னால், ஓடாத காலத்தில் அது எங்கே நின்றது என்று உடனே கேளுங்கள். நான் ஏமாற்றப்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் வாங்கியது டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் 20 டன் வண்டி. மீட்டரில் ஆறாயிரத்துச் சொச்சம் மணிநேரம். புது பெயிண்ட், புது ஸ்டிக்கர், கேபினில் புது சீட். பூமை, அதாவது வண்டியின் பெரிய கையை, தூக்கி இறக்கி, அரைச் சுற்று சுற்றிக் காட்டினார்கள். நாங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. என் ஆபரேட்டர் அதைக் கேட்டதற்கு, "வாஷ் பண்றதுக்கு இப்பதாண்ணே நகர்த்தினோம்" என்றார் புரோக்கர். ஒரே ஓனர், சொந்தத் தோட்ட வேலைக்கு வைத்திருந்தது என்றும் சொன்னார்.

வேலைக்கு இறக்கிய அன்றே சாயம் வெளுத்துவிட்டது. ஹைட்ராலிக் ஆயில் சூடேற ஏற, பக்கெட் மாட்டியிருக்கும் ஆர்மில் வேகமே இல்லை. மெக்கானிக் வந்து ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே இரும்புத் துகள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. அந்த ஆயிலை அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் பம்பைப் பிரித்ததும், "இது ஓடித் தேஞ்சது இல்லண்ணே, நின்னு துருப்பிடிச்சது" என்றார். அப்புறம் விசாரித்தபோதுதான் தெரிந்தது, வண்டி மூடிப்போன ஒரு குவாரியில் பல மழைக்காலம் நின்றிருக்கிறது. தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கி ஏலம் விட்டிருக்கிறார்கள்.

இப்படி நிற்கும் வண்டிகள் நம்மிடம் ஏராளம். 2012-இல் மதுரை மேலூர் பக்கம் கிரானைட் குவாரிகளை மூடியது நினைவிருக்கும். குவாரி நின்றால் வண்டியும் நிற்கும், தவணையும் நிற்கும். கடைசியில் எல்லாம் புல் முளைத்த ஏதாவது ஒரு யார்டுக்கு வந்து சேரும். நல்ல பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். மிச்சத்துக்கு பெயிண்ட் அடிப்பார்கள்.

நிற்பது ஏன் இவ்வளவு கெடுதல்? இந்த அளவு வண்டியில் ஹைட்ராலிக் அழுத்தம் 340 பார் வரை போகும். அதைத் தாங்கும் பம்ப் பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிதான். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் டேங்குக்குள் ஈரம் வேர்த்து ஆயிலில் இறங்கும். அந்த இடைவெளியில் துரு ஏறினால் பம்ப் முடிந்தது. வெளியே நீட்டியபடி நின்ற சிலிண்டர் ராடில் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். அதன்மேல் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் கிட்டை எத்தனை முறை மாற்றினாலும் கிழிந்துகொண்டே இருக்கும்.

அதனால் சொல்லாமல் காலையில் போய், குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் நன்றாகச் சூடாகும் வரை மண் வெட்ட வையுங்கள். ஓரிரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. சும்மா தூக்கி இறக்கிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது. ராடுகளை முழுக்க நீட்டி நகத்தால் தடவுங்கள். பக்கெட்டைத் தரையில் ஊன்றி வண்டியை லேசாகத் தூக்கினால் வண்டியின் மேல்பாகம் சுழல உதவும் ஸ்விங் பேரிங்கின் ஆட்டம் தெரிந்துவிடும்.

செயின் வண்டிக்குப் பொதுவாக ஆர்சி புத்தகம் கிடையாது. அதனால் முதல் இன்வாய்ஸையும் கடன் நிறுவனம் தரும் ஆட்சேபணையில்லாச் சான்றையும் (என்ஓசி) கேட்டு வாங்குங்கள். அவற்றிலுள்ள வரிசை எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்று அடமானக் கடன்களைப் பதிந்துவைக்கும் செர்சாய் (CERSAI) என்ற மத்தியப் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கலாம்.

எங்கள் பில்லின் அடியில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று போட்டிருந்தார்கள். இப்போது அதைக் காட்டித்தான் கைவிரிக்கிறார்கள். வியாபாரத்துக்கு வாங்கியதென்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்றும் மிரட்டுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்ய வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அந்த வழியில்தான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். யார்டில் இப்படி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பில், புரோக்கருடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகள், பிரித்த பாகங்களின் படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். பழைய பம்பைக் காயலான் கடைக்கும் போட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியமான சாட்சி.