யுனைடெட்டா ஸ்பர்ஸா, யாரு மோசம்?

ஆர்சனல் ரசிகனா சொல்றேன், 2024-25 பிரீமியர் லீக் ஃபுட்பால்ல ரெண்டு பேருமே படு சொதப்பல்தான், மான்செஸ்டர் யுனைடெட் 42 பாயின்ட்டோட 15வது, ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம்) 38 பாயின்ட், 22 தோல்வியோட 17வது. டேபிளை மட்டும் பாத்தா ஸ்பர்ஸ்தான் மோசம். ஆனா பில்பாவோ ஃபைனல்ல யுனைடெட்ட 1-0ன்னு ஜெயிச்சு யூரோப்பா லீக் கப்பையும், அதோட அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீக் இடத்தையும் தூக்கிட்டு போனது அவங்கதான், எரிச்சலா இருந்தாலும் ஒத்துக்கணும். யுனைடெட்டுக்கு கையில ஒண்ணுமே மிஞ்சல, அதனால என் கணக்குல அவங்கதான் மோசம்.

டாக்கிள் (எதிராளிகிட்ட இருந்து பந்தைப் பறிக்கப் பாயறது) விஷயத்துல மட்டும் அப்படியே தலைகீழ், அதுல ஸ்பர்ஸ்தான் மோசம். 2024 செப்டம்பர்ல யுனைடெட்டோட புரூனோ வழுக்கி ஸ்பர்ஸ் பிளேயர் மேடிசன் கால்ல மோதினதுக்கு ரெட் கார்டு குடுத்தாங்க, அப்பீல்ல அது ரத்தாச்சு, அது சரிதான். 2023 நவம்பர்ல செல்சி மேட்ச்ல ஸ்பர்ஸ் டிஃபெண்டர் ரொமேரோ பண்ணது வேற ரகம், பந்தத் தொட்டுட்டாரு சரி, ஆனா கால மடக்காம அதே வேகத்துல பூட்ஸோட ஸ்டட்ஸ் அப்படியே செல்சி பிளேயர் என்ஸோ கணுக்கால்ல போய் இறங்குச்சு, விஏஆர் (வீடியோ ரெஃப்ரி) பாத்து ரெட். "பந்தைத்தான் முதல்ல தொட்டான்"னு இன்னும் வாதாடுறவங்க ரூலை ஒருதடவை படிங்க, எதிராளிக்கு ஆபத்துன்னா பந்தைத் தொட்டிருந்தாலும் ரெட்தான். 2008ல பர்மிங்ஹாம் மேட்ச்ல ஒரு டாக்கிள்ல எங்க எடுவார்டோ கால் உடைஞ்சத பாத்தவன் நான், இதுல எந்த கிளப்புக்கும் சலுகை தர மாட்டேன், ஆர்சனல் பிளேயரே பண்ணாலும் வெளிய அனுப்பணும்.