வாட்ஸ்அப்பில் கொழும்பு ரயில் டிக்கட் விற்கிறவர்களிடம் காசு கட்டாதீர்கள் (நாங்கள் கட்டி ஏமாந்தோம்)

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒன்லைனில் கரண்ட் பில் கட்டிக் கொடுக்கச் சொல்லி ஒழுங்கையில் உள்ள பாதிப்பேர் என்னிடம்தான் வருவார்கள், தெரியாத லிங்கைத் தொடாதே என்று மாமிமாருக்கு வகுப்பெடுக்கிற ஆளும் நான்தான். அப்படிப்பட்ட நான் 7,000 ரூபாவை ஒருவனுடைய கணக்கில் போட்டுவிட்டு, பள்ளிக்கூட லீவு முடிகிற ஞாயிறு இரவு மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் அம்மாவையும் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்றேன். அதே ஆள் இன்னும் ஃபேஸ்புக் குழுமங்களில் பதிவு போட்டுக்கொண்டிருக்கிறான், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு காரைதீவில். அம்பாறை மாவட்டத்துக் கரைப்பக்கம் கோச்சி கிடையாது, தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். பொத்துவில் வரைக்கும் நீட்டப்போகிறார்கள் என்ற பேச்சை நான் காற்சட்டை போட்ட காலத்திலிருந்து கேட்கிறேன். ஆகவே ரயிலில் போக வேண்டுமென்றால் கல்முனை, களுவாஞ்சிகுடி என்று பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் போய்த்தான் ஏற வேண்டும். கொழும்பு நைட் பஸ் வீட்டு வாசலால்தானே போகிறது, அதில் போகலாமே என்று கேட்பீர்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தம், மூட்டு நோவும் சேர்ந்தது, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு விடியும்வரை இருக்க ஏலாது, ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாத்ரூம் போக வேண்டும். பஸ்காரர் எங்கே நிற்பாட்டுவார், அவர் தேத்தண்ணி குடிக்கிற கடையில்தான் நிற்பாட்டுவார். ரயில் எவ்வளவு ஆடினாலும் பாத்ரூம் இருக்கிறது, எழும்பி நடக்கலாம். திங்கட்கிழமை காலை கொழும்பில் கண் கிளினிக்.

கிளினிக் திகதியை மாற்றிச் சொன்னதே பன்னிரண்டு நாள்தான் இருக்கும்போது. முன்பதிவு 30 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறபடியால், நான் பார்க்கும்போது இரவு ரயிலில் ஒரு சீட் இல்லை. லீவுக்கு வந்த சனமெல்லாம் திரும்பிப் போகிற நாள், வேறு எப்படி இருக்கும். இரண்டு நாள் தேடிவிட்டு, மூன்றாம் நாள் ஒரு குழுமத்தில் அந்தப் பதிவைக் கண்டேன். மனம்பிட்டிப் பாலத்தில் ரயில் போகிற வடிவான படம், கீழே "மட்டக்களப்பு – கொழும்பு உறுதிப்படுத்தப்பட்ட சீட்கள், வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளவும்".

ஆள் நம்மட பக்கத்துப் பேச்சு, அண்ணன் அண்ணன் என்று மரியாதை. இரண்டாம் வகுப்பில் இரண்டு சீட், டிக்கட்டில் உள்ள விலைக்கு மேல் ஆளுக்கு 1,500 கூடத் தர வேண்டும் என்றான். சரி, அவசரத்துக்கு வாங்குகிறோம், கூடத்தான் போகும் என்று நினைத்தேன். காசு போட்ட பத்தாவது நிமிடம் டிக்கட்டின் படம் வந்தது, பெட்டி இலக்கம், சீட் இலக்கம் எல்லாம் சரியாக இருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. இப்போது முன்பதிவுக்கு அடையாள அட்டை இலக்கம் கேட்கிறார்கள், இவன் எங்களிடம் அதைக் கேட்கவே இல்லை. கேட்டேன். "அதெல்லாம் ஆரும் பாக்கிறல்ல அண்ணன், அம்மாவக் கூட்டிட்டுப் போய் ஏறுங்க" என்று குரல் பதிவு அனுப்பினான். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். 2025 ஜனவரியில் மலைநாட்டு எல்ல ஊருக்குப் போகிற ரயிலின் டிக்கட் 42 விநாடியில் முடிந்துபோகிறது என்று பெரிய கதையாகி சி.ஐ.டி. விசாரித்ததை நானும் வாசித்தேன்தான், ஆனால் அது வெள்ளைக்காரர் போகிற பாதை, நம்மட மட்டக்களப்புக் கோச்சிக்கு யார் கள்ள டிக்கட் விற்கப்போகிறார்கள் என்று ஓர் அசட்டு நம்பிக்கை.

ஞாயிறு பின்னேரம் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். நிலையத்துக்குப் போனால் சனம் குவிந்து நிற்கிறது, ஆனால் யாரும் ஏறுகிற அவசரத்தில் இல்லை. மேலே எங்கேயோ தடம் புரண்டுவிட்டதாம், இன்றைக்கு இரவு ரயில் இல்லையாம். அறிவித்தல் முதலில் சிங்களத்தில் வந்தது, தமிழில் வருவதற்குள் பாதிச் சனம் ஓட்டோவைத் தேடிப் போய்விட்டது. மிச்சம் நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யானை என்றார் ஒருவர், சாரதிமார் ஸ்ட்ரைக் என்றார் இன்னொருவர், பாதையில் வெள்ளம் என்று ஒரு ஐயா அடித்துச் சொன்னார், அன்றைக்கு மழையே இல்லை.

ஆனால் அந்த மூன்றையும் இந்தப் பாதையில் நாங்கள் கண்டிருக்கிறோம், அதனால் யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. 2024 ஒக்ரோபரில் மட்டக்களப்புக்கு வந்த எண்ணெய் ரயில் மின்னேரியாப் பக்கம் யானைகளில் மோதித் தடம் புரண்டது. 2025 பெப்ரவரி 20 அதிகாலை ஹபரணைக்குக் கிட்ட பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்த வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாட்டிலுள்ள ரயில் பாதைகளில் பெரும்பகுதியைக் குலைத்துவிட்டுப் போனது. யானைக்காக மெதுவாக ஓட்டுவதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, இரண்டு மணித்தியாலம் பிந்தினாலும் பரவாயில்லை. ரயில் இல்லை என்பதை நாங்கள் கல்முனையில் நிற்கும்போதே தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்திருந்தால் அம்மா அந்த நிலையத்து வாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கமாட்டார், அவ்வளவுதான். (ரயில் திணைக்களத்தின் 1971 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து வெளிக்கிட முன் கேட்டிருக்கலாம். அது என்னுடைய பிழை.)

சரி, காசையாவது திரும்ப எடுப்போம் என்று கவுண்டர் வரிசையில் நின்றேன். உள்ளே இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், தமிழ் தட்டித்தடவிப் பேசினார், அன்றைக்கு இரவு முழுக்க ஏச்சு வாங்கியும் முகம் கோணவில்லை. என் போனிலிருந்த டிக்கட்டைப் பார்த்துவிட்டு அடையாள அட்டையைக் கேட்டார். பார்த்தார். "இது உங்கட நம்பர் இல்ல. புக் பண்ணின ஆளுக்குத்தான் காசு போகும்" என்றார். ரயில் ஓடியிருந்தாலும் உள்ளே செக்கிங் வந்தால் டிக்கட் இல்லாத ஆளாகத்தான் கணக்கெடுப்பார்கள் என்றும் சொன்னார்.

அப்போது எனக்குப் பின்னால் நின்ற காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தம்பி, அந்த சீட் நம்பர ஒருக்கா காட்டுங்க" என்றார். காட்டினேன். அவர் தன்னுடைய போனை என் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே பெட்டி, அதே இரண்டு சீட், டிக்கட்டின் மூலையில் இருந்த அதே கீறல்கூட. அவர் மகளைக் கம்பஸில் விடக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எங்களை விட 500 ரூபா கூடக் கொடுத்திருக்கிறார், பேரம் பேசவில்லையாம். ரயில் ஓடியிருந்தால் நானும் அந்த மனிதரும் பெட்டிக்குள் ஒரே சீட்டுக்காகச் சண்டை பிடித்திருப்போம், நான் அவரைக் கள்ளன் என்று நினைத்திருப்பேன், அவர் என்னை.

வாங்கில் இருந்து இரண்டு பேரும் கணக்குப் பார்த்தோம். இவன் உண்மையாகவே இரண்டு சீட்டை யாரோ ஒருவருடைய இலக்கத்தில் புக் பண்ணியிருக்கிறான், டிக்கட் பொய் இல்லை. அந்த ஒரு படத்தைக் குறைந்தது இரண்டு குடும்பத்துக்கு விற்றிருக்கிறான், இன்னும் எத்தனை பேரோ. ரயில் ஓடினால் அவன் போனை அடைத்துவிடுவான். ஓடாவிட்டால் திணைக்களம் திருப்பித் தருகிற காசும் அவனுடைய கைக்குத்தான் போகும், ஏனென்றால் புக் பண்ணிய ஆள் அவன். ரயில் நின்றால் எங்களுக்கெல்லாம் நட்டம், அவனுக்கு மட்டும் போட்ட முதல்கூடத் திரும்பி வருகிறது. இந்தப் பாதையில் ரயில் அடிக்கடி நிற்கும் என்பது நம்மளை விட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அங்கிருந்தே அவனுக்குப் போன் எடுத்தோம். என்னுடைய இலக்கத்தை அடைத்துவிட்டான். காக்காவின் இலக்கத்தில் எடுத்தபோது பேசினான், "ரயில் ஓடாததுக்கு நான் என்ன செய்ற காக்கா, கவுண்டர்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டு அதையும் அடைத்தான்.

அன்றைய இரவின் மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாசலில் வேன்காரர்கள் நின்றார்கள், ஆளுக்கு 5,000 கேட்டார்கள், நைட் பஸ்களெல்லாம் நிறைந்து போய்விட்டன. காக்காவும் மகளும் நாங்களும் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். அந்தப் பிள்ளை அம்மாவின் காலைத் தன்னுடைய பையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தது, வெலிக்கந்தையில் நிற்பாட்டிப் பாத்ரூம் கூட்டிக்கொண்டு போனதும் அந்தப் பிள்ளைதான். புட்டை எல்லாருமாகச் சாப்பிட்டோம். கிளினிக்கில் நம்பர் முடிந்துவிட்டிருந்தது, கெஞ்சிக் கூத்தாடிப் பத்தரைக்குக் காட்டினோம்.

ஊர் வந்து பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். காசு போட்ட வங்கிக் கணக்கு வேறொரு பெண்ணின் பெயரில் இருக்கிறது, அவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தெரியாததால் பெயரை இங்கே போடவில்லை, நீங்களும் கருத்துகளில் போட வேண்டாம்.

அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு 30 நாள் இருக்கும்போதே காலையில் மட்டக்களப்புக்குப் போய்க் கவுண்டரில் நின்று, அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தையே கொடுத்து டிக்கட் எடுத்துவிட்டேன். அரை நாள் லீவு போனது, போகட்டும். தூரத்திலிருந்து ஒன்லைனில் எடுப்பதென்றால் உங்களுடைய போனில், உங்களுடைய வங்கி அட்டையில், பயணம் செய்கிற ஆளின் அடையாள அட்டை இலக்கத்திலேயே எடுங்கள். தெரிந்த பொடியன் எடுத்துத் தருகிறேன் என்றாலும் இலக்கத்தை ஒருக்கா சரிபாருங்கள். உங்களுடைய இலக்கத்தைக் கேட்காமல் ஒருவன் டிக்கட் தருகிறான் என்றால் அவன் உங்களுக்கு டிக்கட் தரவில்லை.

முந்தநாள் அதே பாலத்துப் படம் வேறு பெயரில், வேறு இலக்கத்தோடு இன்னொரு குழுமத்தில் வந்திருக்கிறது. காக்காவும் நானும் அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பவும் பொலிஸுக்குப் போகிறோம். மனம்பிட்டிப் பாலத்துப் படத்தைப் பார்த்துக் காசு போட்டவர்கள் வேறு யாராவது இருந்தால், வங்கிச் சீட்டையும் அவன் அனுப்பிய டிக்கட் படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். இரண்டு பேர் போவதை விடப் பத்துப் பேராகப் போனால் எழுதுகிற பேனையும் கொஞ்சம் வேகமாக ஓடும்.