ஜல் ஜீவன் தகவல் பலகை: தருமபுரியிலிருந்து ஒரு மதிப்பீடு

கிராம வீடுகளுக்குக் குழாய்க் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் இயக்கத்துக்கென இணையத்தில் ஒரு தகவல் பலகை இயங்குகிறது. கட்டணமோ கடவுச்சொல்லோ இல்லாமல் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று படிப்படியாக இறங்கி, நம் கிராமத்தில் எத்தனை வீடுகள், அவற்றில் எத்தனைக்குக் குழாய் இணைப்பு, தண்ணீர்ப் பரிசோதனையின் முடிவு என்ன என்பதை யாரும் பார்த்துக்கொள்ளலாம். அரசின் வேலையைக் கிராம அளவில் இவ்வளவு திறந்து வைக்கும் பொதுச் சேவைகள் நம் நாட்டில் மிகக் குறைவு என்பதால், இதன் குறைகளைச் சொல்வதற்கு முன் அந்தப் பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்த பக்கங்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. கிராம சபையில் உட்காரும் பெண்களுக்கு அதைத் தமிழில் படித்துச் சொல்ல இன்னொருவர் தேவைப்படுகிறார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஃபுளோரைடு. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆழ்துளைக் கிணற்று நீரில் அந்த அளவு மீறிய ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் படியும் பழுப்புக் கறையையும், முதியவர்களின் மூட்டு இறுக்கத்தையும் பல தலைமுறைகள் பார்த்துவிட்டன. அதற்காகத்தான் ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியுடன், காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆகவே இங்கே குழாய் இருக்கிறதா என்ற கேள்வியோடு, அதில் எந்தத் தண்ணீர் வருகிறது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. தகவல் பலகை முதல் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது, இரண்டாவதில் தடுமாறுகிறது. எங்கள் பகுதி ஊராட்சி ஒன்றில், ஒகேனக்கல் நீர் குறையும் நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். தொட்டியும் குழாயும் ஒன்றுதான் என்பதால், பதிவேட்டில் அது முழுமையான இணைப்பாகவே நிற்கிறது. ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தருவது ஜல் ஜீவன் திட்டத்தின் நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. ஃபுளோரைடைப் பார்க்க, மாதிரி நீரில் வேதிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு மஞ்சளை நோக்கி எவ்வளவு மாறுகிறது என்பதை வண்ண அட்டையோடு வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் ஒகேனக்கல் நீர் மட்டும் வந்த நாளில் எடுத்த மாதிரி, கலந்து விட்ட நாளின் தண்ணீரைப் பற்றி எதையும் சொல்லாது.

பலகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறிய வேறுபாடு. எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கிடைத்துவிட்டதாகத் துறை அறிவித்த கிராமம் ஒரு வகை. அதைக் கிராம சபை தீர்மானம் போட்டு உறுதி செய்த கிராமம் இன்னொரு வகை. வேலையைச் செய்தவர் சொல்வதையும், அதைப் பெற்றவர் ஒப்புக்கொள்வதையும் தனித்தனியாகக் காட்டும் இந்தப் பிரிவை மற்ற திட்டங்களும் பின்பற்றலாம். ஆனால் தீர்மானத்தை வாசிக்காமலேயே கையெழுத்து வாங்கும் பழக்கம் இருக்கும் இடத்தில் இந்தப் பாதுகாப்பு வெறும் தாளாகிவிடும்.

உண்மையான குறை அமைப்பிலேயே இருக்கிறது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் வருகிறது. ஜல் ஜீவன் திட்டத்தின் பணத்தில் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசின் பங்கு பாதி. பெரிய குழாய்களை நடத்துவது குடிநீர் வடிகால் வாரியம். தெருவுக்குத் தண்ணீர் திறந்து விடுவது ஊராட்சி. பலகையில் ஏறும் எண்களைத் தருபவர்களும் வேலையைச் செய்யும் இதே துறைகள்தாம். 2022இல் வெளியாட்களைக் கொண்டு நாடு முழுவதும் சுமார் 3 லட்சம் வீடுகளில் ஆய்வு நடந்தபோது, அளவு, தரம், ஒழுங்கு மூன்றும் சரியாக இருந்த இணைப்புகள் 62 சதவீதம்தான் என்று தெரிந்தது. குழாயை எண்ணுவதற்கும் அதைத் திறந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் அதில் தெரிகிறது. ஒகேனக்கல் திட்டத்துக்குக் கடன் கொடுத்த ஜைக்காகூட முடிந்த பெரிய திட்டங்களை வெளி மதிப்பீட்டாளரைக் கொண்டு ஆராய்ந்து அறிக்கையை எல்லோரும் படிக்க வெளியிடுகிறது.

கூட்டாட்சி நாடுகளில் இதற்கு வழிகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியாவில் மத்திய, மாநில அரசுகள் கூடி 2006இல் உருவாக்கிய சீர்திருத்தக் குழு, ஒப்புக்கொண்ட இலக்குகளை எந்த மாநிலம் எட்டியது, எது எட்டவில்லை என்று வெளிப்படையாக அறிக்கை தந்தது. 2014 ஜூன் 30 அன்று அது மூடப்பட்டது. நம் நாட்டில் திட்டங்களைத் தனியாக மதிப்பிடத் தொடங்கிய சுயேச்சை மதிப்பீட்டு அலுவலகமும் அதே ஆண்டில் செயலிழந்து, 2015இல் நிதி ஆயோக்கின் உள்பிரிவு ஒன்றோடு இணைக்கப்பட்டது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு அரசியலமைப்பே சுதந்திரம் தந்திருக்கிறது. ஆனால் அவர் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்து சேர்வதற்குள் காலம் ஓடிவிடுகிறது, நம் தெருக் குழாய் வரை அது இறங்குவதுமில்லை.

எனவே என் மதிப்பீடு இதுதான்: இணைப்புகளின் எண்ணிக்கையை அறிய இந்தப் பலகையை நம்பிப் பயன்படுத்தலாம், தண்ணீரின் தரத்துக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. வெளியாட்கள் நடத்தும் ஆய்வை ஆண்டுதோறும் நடத்தி, அதன் முடிவைத் துறை தரும் எண்ணுக்குப் பக்கத்திலேயே கிராம வாரியாகக் காட்ட வேண்டும்; மாதிரி எடுத்த நாளில் தொட்டியில் இருந்தது ஒகேனக்கல் நீரா, போர் தண்ணீரா, கலப்பா என்பதற்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அதுவரை, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபைக்குப் போகும் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து மக்கள் தங்கள் ஊரின் பக்கத்தை அச்செடுத்துச் சென்று, போர் தண்ணீர் கலந்த நாளின் பரிசோதனை முடிவு எங்கே என்று கேட்டு, அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும்.