தஞ்சாவூரில் மாநாடு: மிச்ச நேரத்தில் எங்கே போவது?

தஞ்சாவூரில் சங்க மாநாடு என்றால் அழைப்பிதழின் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'மூன்றாம் நாள் – சுற்றுலா.' எங்கே, எத்தனை மணிக்கு, வண்டி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்காது. வரவேற்புக் குழுவில் இருக்கிற உள்ளூர்க்காரனிடம்தான் வந்து விசாரிப்பார்கள். சங்கத்தைப் பொறுத்து சார் என்றோ தோழர் என்றோ ஆரம்பித்து, "ஒரு நாள்தான் இருக்கு, எதைப் பார்க்கலாம்?" என்பார்கள். நான் பதிலுக்கு, "ஊருக்கு எந்த ரயில்ல திரும்புறீங்க?" என்று கேட்பேன். இவன் நம்மை வழியனுப்ப அவசரப்படுகிறானோ என்று சிலர் ஒரு மாதிரி பார்ப்பதுண்டு.

ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. மெயின் லைன் என்று நாங்கள் சொல்லும் ரயில்பாதை திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று கிழக்கே வந்து, அங்கிருந்து வடக்கே சென்னைக்குப் போகிறது. சென்னைக்காரர் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் திரும்புவதாக இருந்தால், பகலில் கிழக்கே சுற்றுவதெல்லாம் அவர் வீட்டுக்குப் போகிற வழிதான். டிக்கெட்டில் ஏறும் நிலையத்தை முன்கூட்டியே கும்பகோணம் என்றோ மயிலாடுதுறை என்றோ மாற்றி வைத்துவிட்டால், சாயங்காலம் அடித்துப்பிடித்துக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடிவர வேண்டியதில்லை. மதுரை, கோவைக்காரர்கள் இதே கணக்கை மேற்கே பார்த்துப் போட வேண்டும்.

இன்னொன்று, பகல் பன்னிரண்டு மணி. டெல்டாவில் அநேகமாக எல்லாக் கோயிலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். மாநாட்டுக்காரர்களுக்கு ஓய்வு கிடைப்பதோ சாப்பாட்டுக்குப் பிறகு, சரியாக அந்த நேரத்தில். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

மாலை மட்டும் கிடைத்தால்: பெரிய கோயிலா, திருவையாறா?

முதல் தடவை வருகிறவருக்குப் பெரிய கோயில்தான், அதில் பேச்சே இல்லை. ஆனால் மாலையில் போங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. அதனால் அஞ்சு மணிக்கு மேல் வெயில் விமானத்தின் முதுகில் விழும். எல்லோரும் நந்தி பக்கம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது, பிரகாரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் 216 அடிக் கல்லும் மஞ்சளிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுவதை நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது வந்து சொல்வார்கள். மாலையில் முன்வாசலில் நின்றால் அந்த நிழலில் நின்றுகொண்டேதான் அதைக் கேட்பீர்கள். பிரதோஷ நாள் என்றால் கூட்டம் தாங்காது. அன்றைக்கு மாற்று யோசனை வேண்டும்.

அந்த மாற்று திருவையாறு. பதின்மூன்று கிலோமீட்டர்தான். போகிற வழியிலேயே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்டுவீர்கள். டெல்டா என்றால் என்ன என்று புரியவைக்க அந்த அரை மணிப் பயணம் போதும். ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதி, படித்துறை, ஐயாறப்பர் கோயில், திரும்பும்போது கடைத்தெருவில் பாசிப்பருப்பில் கிண்டிய சூடான அசோகா. சாதாரண நாளில் பெரிய கோயிலோடு போட்டி போடுகிற இடமில்லை இது. ஆனால் ஜனவரி வாக்கில் உங்கள் மாநாடு தியாகராஜர் ஆராதனை நாட்களோடு சேர்ந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம். புஷ்ய பகுள பஞ்சமியன்று காலை நூற்றுக்கணக்கான வித்வான்கள் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒரே குரலாகப் பாடுவார்கள். அன்றைக்கு முதல் அமர்வுக்கு மட்டம் போட்டால் தப்பில்லை என்பது என் கட்சி. தலைவர் உரையை அப்புறம் மலரில் படித்துக்கொள்ளலாம்.

மதியம்: அரண்மனையா, கடைத்தெருவா?

கோயில் மூடியிருக்கும் நேரத்தில் திறந்திருப்பது அரண்மனை. நாயக்கர்கள் ஆரம்பித்து மராட்டியர்கள் தொடர்ந்தது. வளாகத்துக்குள் தனித்தனி டிக்கெட், தனித்தனி வாசல் என்று கொஞ்சம் குழப்பும். நேரம் குறைவு என்றால் தர்பார் மண்டபத்தை எட்டிப் பார்த்துவிட்டு நேரே கலைக்கூடத்துக்குப் போய்விடுங்கள். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் இருக்கிறார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்துச் செப்புத்திருமேனி. சடையைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கும். பக்கத்தில் நிற்க வேண்டிய காளை இல்லை. அதன் மேல் போட்டிருந்த வலது கை மட்டும் அந்தரத்தில் அப்படியே சாவகாசமாகச் சாய்ந்திருக்கும். இல்லாத காளையின் உயரம் எவ்வளவு என்று அந்தக் கையை வைத்தே சொல்லிவிடலாம்.

டாக்டர்கள் மாநாடு என்றால் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தை விடாதீர்கள். இரண்டாம் சரபோஜி (1777–1832) மருத்துவத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர், தன்வந்திரி மகால் என்றே ஒன்றை நடத்தியவர். நூலகத்தின் சுவடிக் கட்டுகளுக்குள் சுற்றுலாக்காரர்களை விடமாட்டார்கள். முன்னால் இருக்கும் காட்சிக்கூடம்தான் நமக்கு. வார விடுமுறை எந்த நாள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைத்தெரு இதற்கு ஈடில்லை. தலையாட்டி பொம்மை வாங்க அரை மணி போதும். சாய்த்துவிட்டுப் பாருங்கள், தானாக நிமிர வேண்டும். கழுத்தில் மாநாட்டு அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பையில் போடுங்கள். ஆட்டோவிலும் கடையிலும் விலை சொல்வதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள்.

முழு நாள்: நவக்கிரகச் சுற்றா, கும்பகோணமா, கடற்கரையா?

வரவேற்புக் குழுக்களுக்கு ரொம்பப் பிடித்தது நவக்கிரகச் சுற்று. ஒரு பஸ், ஒன்பது கோயில், எல்லோருக்கும் திருப்தி என்று நினைப்பு. அரசு பஸ்ஸே கும்பகோணத்திலிருந்து இந்தச் சுற்றுக்கு இருக்கிறது. பிரார்த்தனை இருக்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, போய்வரட்டும். பார்க்கிற ஆசையில் வருகிறவர்களுக்கு மட்டும் இது வேண்டாம் என்பேன். விடியற்காலையில் கிளம்பி, திங்களூரிலிருந்து கடலோரம் கீழப்பெரும்பள்ளம் வரை சுற்றி, ஒவ்வொரு கோயிலிலும் செருப்பைக் கழற்றி, வரிசையில் நின்று, மறுபடி செருப்பைத் தேடி வருவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். திருவெண்காட்டையும் வைத்தீஸ்வரன் கோயிலையும் அரை மணிக்குள் அடக்குவது அந்தக் கோயில்களுக்கே செய்கிற அநியாயம். சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்று வரிசை மற்ற எட்டுக் கோயிலின் நேரத்தையும் விழுங்கிவிடும்.

அதே பஸ் செலவில் கும்பகோணம் பக்கம் போனால் மூன்றே இடம், ஆனால் மூன்றும் மனத்தில் நிற்கும்.

முதலில் காலை எட்டு மணிக்கு தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. பெரிய கோயில் 1987-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இதுவும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இல் சேர்ந்தன. எல்லோரும் தேர் மண்டபத்தையும், ஒரே தலையில் காளையும் யானையும் தெரிகிற சிற்பத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கருவறைச் சுவரின் அடிப்பக்கம் குனிந்து பாருங்கள். சாண் உயரப் பலகைகளில் நாயன்மார்கள் கதை வரிசையாக ஓடுகிறது. சுந்தரர் முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்கிற பலகையைக் கண்டுபிடிக்கக் குழந்தைகளிடம் போட்டி வைத்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் பலத்த மழை பெய்திருந்தால் பிரகாரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். மாநாட்டு ஷூவோடு வந்தவர்கள் அன்று தவிப்பார்கள். பொதுவாகவே இந்தப் பக்கம் சுற்றச் செருப்புத்தான் லாயக்கு.

அங்கிருந்து சுவாமிமலை பக்கத்தில்தான். மலைக்கோயில் அறுபது படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, நடை சாத்தியதும் ஸ்தபதிகள் பட்டறைக்குள் நுழைந்துவிடலாம். நடுப்பகலைக் கழிக்க டெல்டாவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அளவுக்கு ஸ்கேல் எடுக்கமாட்டார்கள். தென்னங்கீற்று ஓலையைச் செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, இடுப்பு என்று தாளக் கணக்கை (முக நீளத்தை அலகாக வைத்த சிற்ப அளவு) குறித்துக்கொள்வார்கள். மெழுகில் உருவம் செய்து முடித்ததும் அதன் மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி நிழலில் உலர்த்துவார்கள். விரல் ரேகை வரைக்கும் பதிந்துகொள்கிற மண் அது. அதற்கு மேல் கரட்டு மண், கம்பிக் கட்டு. சூடுகாட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். காலியான கூட்டை மண்ணுக்குள் புதைத்து, காய்ச்சிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் கூட்டை உடைத்தே ஆக வேண்டும். அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். வெளியே வருகிறது கரடுமுரடான உருவம். கண் திறப்பது வரை மீதி வேலையெல்லாம் உளியில்தான். வார்ப்பு தினமும் நடப்பதில்லை. மெழுகு வேலையும் உளி வேலையும் எப்போது போனாலும் பார்க்கலாம். வாங்காமல் பார்த்துவிட்டு மட்டும் வந்தாலும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

சாப்பாடு கும்பகோணத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்த குழம்பு) கிடைத்தால் விடாதீர்கள். டிகிரி காபி என்று நெடுஞ்சாலை முழுக்கப் பலகை இருக்கிறது. ஊருக்குள் வந்து பித்தளை டபராவில் குடித்தால்தான் கணக்கு.

மூன்றரைக்குக் கிளம்பினால் அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம், சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் வரும் கீழணை 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது. தஞ்சாவூரில் அப்பா ராஜராஜனின் கோயிலைப் பார்த்துவிட்டு இங்கே மகன் ராஜேந்திரனின் கோயிலைப் பார்க்கும் சுகம் தனி. தஞ்சை விமானம் நேர்க்கோடாக ஏறும், ராஜேந்திரனுடையது உள்வாங்கி வளைந்து ஏறும். உயரமும் கொஞ்சம் கம்மிதான். வடக்கு வாசல் படியருகே சண்டேசருக்குச் சிவன் தலையில் பூமாலை சுற்றுகிற சிற்பத்தில், குனிந்த தலையின் பணிவைப் பாருங்கள். தஞ்சைக் கோயிலைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். இதை எங்கள் ஊரில் சத்தமாகச் சொல்ல முடியாது. இருட்டியதும் திரும்பி கும்பகோணத்தில் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே ரயில் ஏறிவிடலாம்.

கடற்கரைப் பக்கம் என்றால் தரங்கம்பாடி. மயிலாடுதுறையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1792-இல் எழுப்பிய நகர வாயில், கடல் அரித்து அரித்து மிச்சமாகியிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் அச்சகம் நடத்தி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய ஊர். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவர் கல்லறை. அச்சகத்துக்காரர்கள், ஆசிரியர்கள், நூலகர்கள் மாநாடு என்றால் கும்பகோணத்தையும் தள்ளிவிட்டு இங்கேதான் அனுப்புவேன். மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும். மீதி நேரத்துக்குப் பக்கத்தில் திருக்கடையூர் இருக்கிறது. அறுபதாம் கல்யாணக் கூட்டத்தையே வேடிக்கை பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: ஆண்கள் மட்டும் கிளம்புகிற வேன் தரங்கம்பாடி என்று பேசி ஏற்றிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தெற்கே புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் காரைக்காலில் போய் நிற்பது வழக்கம். கோட்டை பார்க்க நிஜமாகவே ஆசைப்படுகிறவர்கள் தனி வண்டி பிடித்துவிடுங்கள்.

கோடிக்கரையை நிறையப் பேர் கேட்பார்கள். வெளிமானும் பூநாரையும் உண்மைதான். பறவைக்கு மழை முடிந்த மார்கழி, தை நல்ல காலம். ஆனால் தஞ்சாவூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், விடிகாலையில் அங்கே இருந்தாக வேண்டும். ராத்திரி வேதாரண்யத்தில் தங்க முடிந்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மேற்கே திரும்புகிறவர்களுக்கு: ஸ்ரீரங்கமா, கல்லணையா?

மதுரை, கோவை, நெல்லைக்காரர்கள் திருச்சியில்தான் ரயிலோ பஸ்ஸோ மாறப்போகிறார்கள். காலையில் பெட்டியோடு கிளம்பி திருச்சி ஸ்டேஷன் பொருள் காப்பறையில் போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போகலாம். 1987-இல் முடிந்த ராஜகோபுரம் 236 அடி. ஏழு பிரகாரத்தில் வெளிப்பிரகாரங்கள் முழுக்க வீடும் கடையும் ஓட்டலுமாக ஊரே குடியிருக்கிறது. அதனால் கோயில் சாத்தியிருந்தாலும் நடந்து பார்க்க நிறைய உண்டு. குதிரை வீரர்கள் பாய்கிற சேஷராயர் மண்டபத்தைக் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

கல்லணை நாளைப் பொறுத்தது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். அதற்கு இடைப்பட்ட மாதங்களில் வந்தால் கரிகாலன் பெயர் சொல்லும் அணையின் மதகுகளில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். அன்றைக்கு ஸ்ரீரங்கத்தைச் சுருக்கிக்கொண்டாவது இங்கே வர வேண்டும். மாசியிலிருந்து வைகாசி வரை வந்தால் மணலும் பூங்காவும் யானை மேல் கரிகாலன் சிலையும்தான். அப்போது ஸ்ரீரங்கமே போதும். தண்ணீர் ஓடும்போது பையில் மாற்றுத்துணி இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். மதகுக்குக் கீழே சுழல் உண்டு, படிக்கட்டு பாசி பிடித்திருக்கும். வறுத்த மீன் விற்கிறவர்களைக் கேட்டால், எந்த இடத்தில் கால் நனைக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள்.