களியக்காவிளைப் பக்கத்து ஒரு சின்னக் கிறிஸ்தவப் பள்ளி: மகளும் மகனும் படித்த அனுபவம்

பாறசாலையில் இருக்கும் என் நாத்தனார், வரும் ஜூனில் தன் மகளை எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். கட்டணம், வேன், சீருடையெல்லாம் அவரே விசாரித்துவிட்டார். அலுவலகத்தில் சொல்லமாட்டார்கள் என்பதால் கணக்குப் பாடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை வகுப்புக்கு ஒரே பிரிவு. ஆறு முதல் பத்து வரை ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர். அவர் போனால் ஐந்து வகுப்புக்கும் அந்தப் பாடம் நின்றுபோகும். கணக்கில் இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆசிரியை விலகினார். அரையாண்டு வரை அறிவியல் ஆசிரியர் சமாளித்தார். காரணிப்படுத்துதல் அப்படியே விடுபட்டது. ஒன்பதில் வந்தவர் அது முடிந்துவிட்டதாக எண்ணி மேலே போனார். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டின் முன் பிள்ளை அழுதுகொண்டு உட்கார்ந்தாள். மார்த்தாண்டத்தில் டியூஷனுக்கு அனுப்பித்தான் கரையேற்றினோம்.

நிர்வாகத்தின் நிலையும் எனக்குப் புரிகிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு அமைத்த குழுதான் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. பிள்ளைகள் குறைவு, வரவு குறைவு, சம்பளமும் குறைவு. அரசு வேலையோ பெரிய பள்ளியோ கிடைத்தால் யார் நிற்பார்கள்? ஆனால் ஆண்டின் நடுவில் ஒருவர் போகிறார் என்றால் பெற்றோரிடம் சொல்ல வேண்டாமா? ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் வாயிலாகவே அறிந்தோம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இனித் தமிழாசிரியை. கேரள எல்லை என்பதால் இங்கே பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் மலையாளம். 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். மலையாளத்தில் ககர ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு என்பதால், தமிழின் ஒரே 'க' அந்தப் பிள்ளைகளைத் தடுமாற வைக்கும். அவர் 'கடல்', 'மகன்', 'தங்கம்' என்று பலகையில் எழுதி, எழுத்து நிற்கும் இடம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவைப்பார். யாரையும் கேலி செய்யவிடமாட்டார். ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிய பிள்ளைகள் ஒன்பதில் காலை ஜெபக்கூட்டத்தில் தமிழ் வேதாகமத்தைத் தடங்கலின்றி வாசிப்பதைக் கேட்டு நான் நெகிழ்ந்திருக்கிறேன். பல ஆண்டுகளாக அவர் ஒருவரே எல்லா வகுப்புக்கும் எடுப்பதால், எந்தப் பிள்ளை எங்கே இடறும் என்று அவருக்குத் தெரியும். பெரிய பள்ளியில் பிரிவுக்கு ஓர் ஆசிரியர் மாறும்போது இது எப்படி வாய்க்கும்?

வேதபாட நேரத்தில் மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. அதில் எந்தக் குறையும் நான் கேட்டதில்லை. பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு மட்டும்தான், வணிகவியல் வேண்டுமென்றால் வேறு இடம்.

அண்ணி, இந்த ஜூனில் சேர்க்க வேண்டாம். கணக்கு ஆசிரியர் மறுபடியும் மாறியிருக்கிறார். புதியவர் ஓராண்டு நிலைக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஏழாம் வகுப்பில் சேருங்கள். என் மகன் எட்டாம் வகுப்பை அங்கேதான் தொடர்வான். கணக்குக்கு அவனையும் மார்த்தாண்டத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட்டோம்.