தோட்டத்து வீட்டுக்கு ராத்திரியில் யார் வருவார்கள்? ஊருக்குப் போய் வந்த அனுபவம்

கொங்குப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் பலவும் ஊருக்குள் குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டு கிணறும் கட்டுத்தறியுமாக இருந்துவிடுவார்கள். பக்கத்து வீடு என்பது ஒரு கூப்பிடு தூரம், சில இடங்களில் அதற்கும் மேல். கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைப் பக்கம் எங்கள் தோட்டமும் அப்படித்தான். எழுபது தாண்டிய அப்பாவும் அம்மாவும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். நான் இருப்பது அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில். 2025 ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் ஊருக்குப் போனேன். கல்யாணம், கோயில் எல்லாம் இந்தமுறை இரண்டாம்பட்சம். இவர்கள் இரண்டு பேரும் அங்கே பத்திரமாக இருக்க முடியுமா, ஆபத்து என்றால் யார் வருவார்கள் என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

ஏன் இந்தக் கவலை என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். 2024 நவம்பர் கடைசியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும் அவர்கள் மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில், தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. அதே மாதம் போலீஸ் சிலரைக் கைது செய்து, பல்லடம் சம்பவத்திலும் இவர்களுக்குத் தொடர்பு இருக்கிறது என்றது.

கைது நடந்த பிறகும் பயம் குறையவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா சொன்னார்: "முன்னெல்லாம் ராத்திரி நாய் கொரைச்சா நரி வந்துருக்குன்னு திரும்பிப் படுத்துக்குவம் கண்ணு. இப்ப ஆளு வந்துருக்கோன்னு எந்திரிச்சு உக்காந்துக்கறம்." அவர் கழுத்தில் தாலிக்கொடி இல்லை, மஞ்சள் கயிறுதான் இருந்தது. கொடி பேங்க் லாக்கருக்குப் போய்விட்டது. அப்பா ராத்திரியில் எழுந்து மாட்டைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டார். இருட்டில் தண்ணீர் கட்டப் போவதும் இல்லை. பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்தினால் விடிந்துதான் திறக்கிறார்கள். திருட்டே நடக்காத தோட்டத்திலும் இதுதான் நிலைமை. குற்றம் எத்தனை நடந்தது என்ற கணக்கு எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கும். பயம் என்ன செய்கிறது என்பதை இந்த மாதிரி விஷயங்களில்தான் பார்க்க முடியும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் பண்ணையத்து ஆட்களின் குடும்பங்களும் சாளை (குடிசை) போட்டுக் குடியிருந்தன. எந்த நேரமும் யாராவது விழித்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள், எங்களைப் போன்றவர்கள் படித்துவிட்டு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போனோம். தோட்டம் அதேதான். அதில் இருக்கிற ஆட்கள்தான் பத்துப் பதினைந்திலிருந்து இரண்டாகிவிட்டார்கள். போலீஸ் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் இந்தக் குறையை அவர்களால் நிரப்ப முடியாது என்பதையும் மனதில் வைத்துத்தான் மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சிவகிரி சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ரோந்து கூடியிருக்கிறது. தனியாக இருக்கிற முதியவர்கள் யார் யார் என்று தோட்டம் தோட்டமாக வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் வாசல் திண்ணையில் ஒரு நோட்டு தொங்குகிறது. ராத்திரி ரோந்து வருகிற காவலர்கள் அதில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன புதிதில் ஒரு ராத்திரி, நேர வித்தியாசத்தில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு பேர். சின்ன வயதுக்காரர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நோட்டில் எழுதினார். மற்றவர் ஜன்னலைப் பார்த்து, "அய்யா, நாங்கதானுங்க, ரோந்து. தூங்குங்க" என்று குரல் கொடுத்தார். உள்ளே இருந்து அப்பா, "செரிங்க சாமி" என்றார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் குறட்டை விட்டார். மாதக்கணக்கில் போனில் நான் சொன்ன எந்தத் தைரியமும் இந்த ஒரு குரல் செய்ததைச் செய்யவில்லை.

காலையில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் சில வாரங்கள் கையெழுத்து நெருக்கமாக இருக்கிறது. அப்புறம் இடைவெளி விழ ஆரம்பிக்கிறது. கோயில் திருவிழா, தலைவர்கள் வருகை என்று பந்தோபஸ்து வந்தால் அந்த நாட்களில் பக்கம் காலி. ரோந்து வந்த காவலரிடமே கேட்டேன். "ஆள் பத்தலைங்க அக்கா. ஒரே ராத்திரியில இத்தன தோட்டம் சுத்தணும்" என்றார். அவர் சொன்னது உண்மை என்றுதான் எனக்குத் தோன்றியது. வருகிறவர்கள் அக்கறையோடு வருகிறார்கள். அவர்கள் எண்ணிக்கைதான் போதாது. மக்களுக்குத் தைரியம் கொடுப்பது இந்த ரோந்துதான் என்று அரசுக்குத் தெரிந்தால், பந்தோபஸ்துக்கு முதலில் கைவைக்கிற இடமாக இதை வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது காவல் நிலையம். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நான் இருந்தபோதே எங்கள் கிணற்று மோட்டாருக்குப் போகிற கேபிளை ஒரு ராத்திரி யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கிற திருட்டு இது. உள்ளே இருக்கிற செம்புக்காகத்தான். வாய்க்கால் கரையோரம் தேடிப் போனால், கம்பியை உருவுவதற்காக எரித்த இடமும், பாதி கருகி முறுக்கிக் கிடந்த ரப்பர் உறையும் இருந்தன. வாய்க்காலில் தண்ணீர் வர ஆகஸ்ட் ஆகும். அதுவரைக்கும் கிணறுதான் கதி. மோட்டார் ஓடாவிட்டால் தீவனப் பயிர் காய்ந்துவிடும், மாட்டுக்குத் தண்ணீரும் இல்லை. பார்க்கச் சின்னத் திருட்டுதான், ஆனால் பண்ணையமே நின்றுவிடுகிறது.

புகார் கொடுக்க அப்பாவோடு நிலையத்துக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் "ஒயர் திருட்டுக்கெல்லாம் எதுக்குங்க எஃப்.ஐ.ஆர்.? நாங்க பாத்துக்கறோம், சொல்லிட்டுப் போங்க" என்பதுதான் முதல் பதில். எழுதிக் கொடுத்த புகாரை வாங்கிக்கொள்ளவே வெகுநேரம் ஆனது. புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வேண்டும் என்று உட்கார்ந்தே இருந்த பிறகுதான் கிடைத்தது. முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.), மேலதிகாரியின் அலுவலகத்துக்கு மனு போன பிறகு பதிவானது. பக்கத்துத் தோட்டங்களில் கேட்டால், மூன்று வீட்டில் இதே திருட்டு நடந்திருக்கிறது, ஒருவர்கூட ரசீது வாங்கவில்லை. "போனா வேல கெடும், பொருளும் வராது" என்கிறார்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது இங்கேதான். பதியாத திருட்டு கணக்கில் வராது. கணக்கில் வராத ஊருக்கு ரோந்து ஆள் கூட்டித் தர மாட்டார்கள். கேபிள் அறுக்கிறவன் எந்தத் தோட்டத்தில் நாய் இல்லை, எந்த வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டுதானே போவான்?

வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்காக அலைகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, புகாரை மின்னணு வழியிலும் அனுப்பலாம். அனுப்பியவர் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். இதை அப்பாவுக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவசர எண் 112 விஷயத்தில் என் அனுபவம் கலவையானது. ஒரு ராத்திரி கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வெகுநேரம் விளக்கை அணைத்துவிட்டு நின்றது. நிலையத்து எண்ணில் யாரும் எடுக்கவில்லை. 112-இல் உடனே எடுத்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். அந்த அழைப்பு மாநிலத்துக்கான பொதுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து பக்கத்து ரோந்து வண்டிக்குத் தகவல் வருகிறது. கஷ்டம் எங்கே என்றால், தோட்டத்து வீட்டுக்கு முகவரி சொல்ல முடியாது. தெருப் பெயர் கிடையாது, மேப்பில் காட்டினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுகிறது. இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகிற வண்டிப்பாதை) முக்கிலிருந்து எப்படித் திரும்ப வேண்டும் என்று வண்டிக்காரருக்கு நான் போனிலேயே வழி சொன்னேன். அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டார்கள். பைக்கில் இருந்தவர் பெட்ரோல் தீர்ந்து நின்ற பக்கத்து ஊர்ப் பையன். அவனையும் அதட்டாமல் பெட்ரோலுக்கு வழி செய்து அனுப்பினார்கள். அந்த நேரத்தில் அம்மா தனியாக இருந்திருந்தால் இத்தனை வழியும் பதறாமல் சொல்லியிருப்பாரா என்பதுதான் என் கவலை. காவல்துறையின் 'காவல் உதவி' செயலி நல்ல ஏற்பாடுதான், ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது பட்டன் போன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைக் கட்டுப்பாட்டு அறையில் இடத்தோடு பதிந்து வைத்தால் எண்ணைச் சொன்னாலே வண்டி வந்துவிடும். கணக்கெடுப்புதான் ஏற்கனவே எடுத்துவிட்டார்களே.

பெரியம்மாவைப் போல நகையை லாக்கரில் வைக்கிறவர்கள் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இழப்பு ஏற்பட்டால், வங்கியின் பொறுப்பு வருட வாடகையின் நூறு மடங்கு வரைக்கும்தான். நகை விலையைக் கணக்கிட்டுக் கொடுக்க மாட்டார்கள். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "வீட்டுல வெச்சு உசுருக்குப் பயந்துக்கறதுக்கு அது பரவால்ல" என்றார். எனக்கும் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

ஊரில் இன்னொரு பேச்சையும் நிறையக் கேட்டேன். எது நடந்தாலும் "வடக்கத்திக்காரங்க வேலையா இருக்கும்" என்கிறார்கள். சிவகிரி வழக்கில் போலீஸ் கைது செய்தது அதே வட்டாரத்து ஆட்களை. அது தெரிந்தும் பேச்சு மாறவில்லை. எங்கள் பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை செய்கிற ஒடிசாக் குடும்பத்துப் பெண், சந்தைக்குப் போகும்போது எல்லோரும் தன்னை முறைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அவருக்கும் ராத்திரியில் பயம்தான். அவர் வீட்டுக்கு ரோந்து நோட்டு இல்லை. பாதுகாப்பு என்று பேசும்போது அந்த வீட்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெர்மான்டும் கிராமப்புற மாநிலம்தான். 2020 கணக்கெடுப்பின்படி மொத்த ஜனத்தொகை 6,43,077. ஈரோடு மாவட்டத்தில் 2011-இல் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெர்மான்டில் பல சிறு டவுன்களுக்குச் சொந்தப் போலீஸே கிடையாது. மாநிலப் போலீஸோ கவுன்ட்டி ஷெரீப்போ (மாவட்ட அளவிலான காவல் அதிகாரி) தொலைவிலிருந்து வர வேண்டும். இருந்தும் எங்கள் தெருவில் பயந்துகொண்டு தூங்குகிறவர்கள் குறைவு. பனிப்புயல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போவார். அதையே ஊரில் சொன்னேன். பெரியம்மாவும் அம்மாவும் இன்னும் நாலு தோட்டத்துப் பெண்களும் சேர்ந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவருக்கொருவர் மிஸ்டு கால் கொடுத்துக்கொள்வது என்று ஆரம்பித்திருக்கிறார்கள். கால் வராவிட்டால் திரும்பக் கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் 112.

வாய்க்கால் கரை முக்கில் தெருவிளக்கு எரிவதில்லை, எங்கள் தோட்டங்களுக்குத் திரும்புகிற வழியே அதுதான். ஆகஸ்ட் 15 கிராம சபையில் விளக்கோடு ஒரு கேமராவும் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறார்கள். மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கப் பெரியம்மா தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருக்கிறார். கோழிப்பண்ணைப் பெண்ணிடமும் வாங்கிவிட்டதாக நேற்றுப் போனில் சொன்னார்.