புது ஸ்க்ரூ நாலு: பிட்வாட்டரில் பழைய பாய்ப்படகு வாங்கி நான் ஏமாந்த கதை

படகு காஃப்ஸ் ஹார்பரில் தண்ணீரை விட்டு மேலே ஏற்றி, மரக்கட்டைகளில் நிற்கிறது. நான் சிட்னியில், வீட்டு மேசையில் இருக்கிறேன். இந்த மாதம் வடக்கே குவீன்ஸ்லாந்தின் விட்சண்டே தீவுகளில் நங்கூரம் போட்டுக் கால்நீட்டிப் படுத்திருக்க வேண்டியவன். ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதை ஒரேயடியாக எழுதுகிறேன். புரோக்கரின் பெயர் போடவில்லை, முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது, தனியாகக் கேட்டும் எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன்.

முதலில் என்னைப் பற்றி. அப்பாவுக்கு வல்வெட்டித்துறை. எங்கள் ஊர் ஆட்கள் அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1938ல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோன கதையைக் கேட்டே வளர்ந்தவன், ஆனால் நான் பார்ப்பது கணக்காளர் வேலை, பாய் பிடிக்கப் பழகியது ஆறு வருடத்துக்கு முன் பிட்வாட்டரில் ஒரு கிளப்பின் சின்னப் படகில். அந்த ஆறு வருடமும் அந்த ஊர்ப் பெருமையும் சேர்ந்து என்னை எல்லாம் தெரிந்தவன் போல நினைக்க வைத்துவிட்டன. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்காது.

திட்டம் இதுதான். பெப்ரவரியில் படகு வாங்குவது, மே மாதம் கிளம்புவது. வடக்கே புயல் காலம் நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை, இன்சூரன்ஸ்காரர்கள் பலர் அந்த மாதங்களில் அங்கே நிற்கும் படகுக்கு நிபந்தனை போடுவார்கள். ஆகவே மே மாதம் கிளம்பி, குளிர்காலத் தென்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, கரையை ஒட்டியே ஏறி, நவம்பருக்கு முன் திரும்பிவிட வேண்டும். கரையை ஒட்டி ஏன் என்றால் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது, கொஞ்சம் வெளியே போனால் படகு ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் ஓடினாலும் இரண்டு, மூன்று நாட் வேகத்தை அது தின்றுவிடும். இதையெல்லாம் நன்றாகத்தான் படித்தேன். வரைபடத்தில் ஒவ்வொரு தரிப்பிடத்தையும் பென்சிலால் வட்டமிட்டு, தூரம் கணக்குப்போட்டு, எக்செல் அட்டவணை கூட வைத்திருந்தேன்.

அந்த அட்டவணையைப் புரோக்கரிடம் காட்டினேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய மடத்தனம் அதுதான்.

அவர் கேட்ட முதல் கேள்வியே "எப்போது கிளம்பப் போகிறீர்கள்?" நான் மே பத்தாம் திகதி என்று நாள் உட்படச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் வாயில் எல்லாமே மே பத்துதான். படகின் நிலையைச் சோதிக்கிற சர்வேயைத் தள்ளிப்போட்டால் மே பத்து தவறும், விலை பேசிக்கொண்டிருந்தால் மே பத்து தவறும், மெல்பனில் இருந்து இன்னொருவர் சனிக்கிழமை பார்க்க வருகிறார், பிறகு மே பத்து எங்கே என்றார். மெல்பன் ஆள் இருந்தாரா இல்லையா எனக்கு இன்றைக்கும் தெரியாது.

படகு 1983ல் கட்டியது, 33 அடி, ஃபைபர் கிளாஸ், உள்ளே யான்மார் டீசல். கேட்ட விலை 46,000 டாலர், முடித்தது 42,000. உள்ளே புது மெத்தை, புது வார்னிஷ் மணம், பில்ஜ் கூட வெள்ளையாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. நாற்பது வருடப் படகின் அடிவயிறு இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று நான் மகிழ்ந்தேன். பழைய கசிவுத் தடங்களை மறைக்க ஒரு டின் பெயின்ட் போதும் என்று அப்போது தோன்றவில்லை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு 74 வயது, இறங்கி ஏறக் கஷ்டம், ஆனாலும் எஞ்சின் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சுடுது தம்பி" என்றார். "நாங்கள் வாறம் எண்டு ஒருக்கா ஓட்டிப் பாத்திருப்பினம் அப்பா" என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சாவியைத் திருப்பியதும் முதல் திருப்பிலேயே பற்றியது. பற்றாமல் என்ன? குளிர்ந்து கிடக்கிற பழைய டீசல் எப்படிப் பற்றுகிறது, எவ்வளவு நேரம் இருமுகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும். அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று சூடாக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்தது சர்வே. புரோக்கர் மூன்று பெயர் கொடுத்தார், நானும் அதில் ஒருவரைப் பிடித்தேன். மாதாமாதம் தனக்கு வேலை அனுப்பும் புரோக்கரின் வியாபாரத்தைக் கெடுக்கிற மாதிரி ஒருவர் அறிக்கை எழுதுவாரா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. மரீனாக்காரர்களின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படகைத் தூக்கிப் பட்டியில் தொங்கவிட்டு ஒன்றேகால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. அறிக்கை 22 பக்கம், நிறையப் படங்கள். போன கிழமைதான் அதை ஆறுதலாக உட்கார்ந்து வாசித்தேன். பாய்மரத்தின் மேலே ஏறவில்லை. எஞ்சினைச் சோதிக்கவில்லை, மெக்கானிக்கைக் கூப்பிடவும். டீசல் தொட்டி திறக்கவில்லை. பாய்மரத்தின் கம்பிவடங்களைப் படகோடு பிணைக்கும் உலோகப் பட்டைகளான செயின்பிளேட்டுகள் உள்அலமாரிப் பலகைகளின் பின்னால் இருப்பதால் பார்க்க முடியவில்லை. கடைசியில் "வயதுக்கேற்ற நல்ல நிலை" என்று ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் வாசித்திருக்கிறேன். பதினோரு இடத்தில் அவர் பார்க்கவில்லை என்றே எழுதியிருக்கிறார், அவ்வளவையும் கண்ணால் தாண்டிப் போயிருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பொருட்களின் மேல் உள்ள கடன்களைப் பதியும் அரசுப் பதிவேடான பிபிஎஸ்ஆரில் தேடலை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். இரண்டு டாலர்தான், படகின் மேல் கடன் ஏதும் இல்லை என்று வந்தது. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது, சிரிக்காதீர்கள்.

ரிக்கிங் விஷயம்தான் மோசம். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிவடங்களை 10, 15 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் கேட்பார். விளம்பரத்தில் "ரிக்கிங் 2017ல் புதுப்பிக்கப்பட்டது" என்று இருந்தது. ரசீது கேட்டேன், புரோக்கர் நகல் ஒன்று தந்தார், திகதி 2017, மேலே ரிக்கிங் கடையின் பெயர், முன்வடமும் சுருள்பாய்க் கருவியும் மாற்றியதாக முதல் வரிகள், தொகையும் பெரிதுதான். பக்கத்தின் அடிப்பகுதி நகலெடுக்கும்போது வெட்டுப்பட்டிருந்தது. மற்ற வடங்கள் எங்கே என்று கேட்டதற்கு "எல்லாம் ஒரே வேலையாகத்தான் செய்தார்கள்" என்றார். இன்சூரன்ஸ் படிவத்தில் நானும் 2017 என்றே நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

மே பன்னிரண்டாம் திகதி கிளம்பினோம், நானும் மனைவியின் தம்பியும். போர்ட் ஸ்டீபன்ஸ் வரை காற்றே இல்லை, கண்ணாடி மாதிரிக் கடல், பெரும்பாலும் எஞ்சினில்தான் போனோம், குறையே தெரியவில்லை. வாங்குமுன் செய்த சோதனை ஓட்டமும் இப்படியொரு அமைதியான காலையில்தான் நடந்தது, அந்த நாளைத் தெரிவு செய்தவர் புரோக்கர். அசையாத கடலில் எந்தப் படகும் நல்ல படகுதான்.

போர்ட் ஸ்டீபன்ஸில் இரண்டு நாள் நின்று, காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு, ஒரு இரவும் அடுத்த பகலும் ஓடிக் காஃப்ஸைப் பிடிப்பதாக ஏற்பாடு. இரவு பத்து மணி போல எதிர்பார்த்த தென்காற்று வந்தது, 20ல் இருந்து 25 நாட், அலை இரண்டரை மீட்டர் இருக்கும். இது புயல் இல்லை, இந்தக் கரையில் சாதாரணக் குளிர்காலத் தென்காற்றுதான். பற்றரி ஏற்ற ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. டோர்ச் அடித்து ஃபில்டரைக் கழற்றினால் கறுப்புக் களி. வருடக்கணக்காகத் தொட்டியின் அடியில் படிந்து கிடந்ததை அலை குலுக்கிக் குழாய்க்குள் அனுப்பியிருக்கிறது. ஒரு ஃபில்டரை மாற்றி, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி ஓட்டினேன், இருபது நிமிடத்தில் அதுவும் அடைத்தது. மிச்சம் ஒன்றே ஒன்று.

நேரே இடப்பக்கம் போர்ட் மக்குவாரியின் வெளிச்சம் தெரிகிறது, போக முடியாது. என் பென்சில் வட்டங்கள் பாதி அங்கேயே செத்துப்போயின. இந்தக் கரையில் துறைமுகங்கள் பெரும்பாலும் ஆற்று முகத்துவாரங்கள், வாசலில் மணல்திட்டு, அலை அதில் மோதி உடையும், இறங்கும் நீர் அலைக்கு எதிராக வந்தால் இன்னும் மோசம். இருட்டில், நம்ப முடியாத எஞ்சினோடு அதற்குள் நுழைவது தற்கொலை. அட்டவணையில் அந்த இடங்களை எல்லாம் "அவசரத்துக்கு ஒதுங்கலாம்" என்று எழுதி வைத்திருந்தவன் நான்தான்.

மூன்று மணி போல உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம், ஒவ்வொரு அலைக்கும் ஒன்று. தேடிப்போனால் இடப்பக்கப் புத்தக அலமாரியின் பின்னால். காற்று வந்த பக்கமும் அதுதான். பலகையை நாலு ஸ்க்ரூ பிடித்திருந்தது, அந்தப் படகில் மற்ற எல்லா ஸ்க்ரூவும் பச்சை பிடித்துத் தலை தேய்ந்தவை, இந்த நாலும் மட்டும் புதுப் பித்தளை. கழற்றினேன். மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு "அத்தான், இது என்ன?" என்றான். வடத்தைப் படகின் உடம்போடு பிணைக்கிற அந்தச் செயின்பிளேட் பட்டை, அதை முடுக்கியிருந்த மரச்சுவர் கறுத்து ஊறி விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது, பட்டை ஒவ்வொரு அலைக்கும் ஒரு விரலளவு மேலே ஏறி இறங்குகிறது. பாய்மரம் நின்றதே அதில்தான்.

பெரிய பாயை இறக்கி, முன்பாயில் ஒரு துண்டை மட்டும் விட்டு, மெதுவாக ஊர்ந்தோம். மரீன் ரெஸ்க்யூ தன்னார்வலர்கள் விஎச்எஃப் ரேடியோவில் மணிக்கொரு தரம் எங்கள் இடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அந்தக் குரல்களுக்கு நான் கடமைப்பட்டவன். மதியத்துக்குப் பிறகு ஸ்மோக்கி கேப் முனையைச் சுற்றி, கடைசி ஃபில்டரைப் போட்டு ஒரு மணித்தியாலம் எஞ்சினைக் கெஞ்சி ஓட்டி, டிரையல் பேயில் நங்கூரம் போட்டோம். 1816ல் சிட்னியில் கைதிகள் கடத்திக்கொண்டு ஓடிய டிரையல் என்ற கப்பல் வந்து உடைந்த இடம் அது. அவர்களாவது படகுக்குக் காசு கொடுக்கவில்லை. காற்று விழுந்த பிறகு மிச்ச முப்பத்தைந்து கடல் மைலையும் கடன் வாங்கிய ஃபில்டர்களோடு, பாயே விரிக்காமல், காஃப்ஸுக்கு எஞ்சினில் ஓட்டினோம். அங்கே வாசலில் மணல்திட்டு இல்லை.

காஃப்ஸில் ஒரு ரிக்கர் பட்டையைக் கழற்றிக் காட்டினார். வெளியே தெரிகிற பகுதி கண்ணாடி போல மின்னுகிறது, மரத்துக்குள் புதைந்திருந்த பகுதியில் பாதித் தடிப்பு இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது காற்றில் இருக்கிற ஒட்சிசனால், அதுதான் மேல்தோலைக் காக்கிறது, உப்புத் தண்ணீர் ஊறிய மரத்துக்குள் காற்றுப் படாமல் கிடந்தால் அது குழி குழியாக அரித்துப்போகும் என்றார். வடங்களைப் பார்த்துவிட்டு, முன்வடம் ஒன்றுதான் புதிது, மற்றவை ரொம்பப் பழசு, இரண்டின் கீழ் முனையில் வெடிப்பு இருக்கிறது என்றார்.

அப்போதுதான் புத்தி வந்து, ரசீதில் இருந்த கடைக்கு நானே போன் பண்ணினேன். மூன்று நிமிட வேலை. பெப்ரவரியில் செய்திருக்கலாம். அந்த அம்மா பழைய ரசீதைத் தேடி மின்னஞ்சலில் அனுப்பினார், இரண்டு பக்கம். என்னிடம் இருந்த நகலில் வெட்டுப்பட்ட அடிப்பகுதியில் "பக்கம் 1/2" என்று இருந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில்: மற்ற வடங்கள் பழையவை, வெளிக்கடலுக்குப் போகுமுன் மாற்ற வேண்டும், இடப்பக்க செயின்பிளேட்டில் தண்ணீர்க் கசிவு, திறந்து பார்க்கச் சொன்னோம், உரிமையாளர் வேண்டாம் என்றார்.

இப்போது கணக்கு. ரிக்கிங் 14,500, செயின்பிளேட்டும் மரச்சுவரும் 9,000க்கு மேல், தொட்டி சுத்தம் தனி. இன்சூரன்ஸ்காரருக்கு உண்மையை நானே சொன்னேன், எல்லாம் மாற்றும்வரை பாய்மரத்துக்குக் காப்பு இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. புரோக்கரின் பதில் மூன்று வரி: படகு உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, தகவல்கள் உரிமையாளர் தந்தவை, சர்வேயரை நீங்கள்தான் தெரிவு செய்தீர்கள். தனியாளிடம் வாங்கினால் கடையில் வாங்குவது போன்ற நுகர்வோர் உத்தரவாதங்கள் பெரும்பாலும் இல்லை, அது சரி. ஆனால் புரோக்கர் வியாபாரம் செய்கிறவர், பிழையான தகவல் சொல்லி விற்றால் சட்டம் அவருக்கும் உண்டு என்று வக்கீல் சொல்கிறார். மற்ற வடங்களும் மாற்றியாயிற்று என்று அவர் சொன்னது மட்டும் வாய்ச்சொல், எழுத்தில் இல்லை. நீங்கள் வாங்கப் போனால் கேள்வியைக் குறுஞ்செய்தியிலாவது கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். எப்போது கிளம்பப் போகிறீர்கள் என்று கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் போய் எஞ்சினில் கை வையுங்கள். புரோக்கரின் பட்டியலில் இல்லாத, பாய்மரத்தில் ஏறுகிற சர்வேயராகப் பாருங்கள், பலகைகளைக் கழற்ற உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதி தராவிட்டால் அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாதி தெரிந்துவிட்டது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அண்டைக்கே சொன்னனான் சுடுது எண்டு" என்று சொல்லாமல் இருந்தார், அதற்கு நன்றி. "திரும்ப எப்ப போறாய்?" என்று மட்டும் கேட்டார். திகதி சொல்லவில்லை.

அரசின் நுகர்வோர் அலுவலகமான ஃபேர் டிரேடிங்கில் முறைப்பாடு போட்டாகிவிட்டது. இரண்டு பக்க ரசீது, வெட்டிய நகல், பட்டையின் படங்கள் எல்லாம் அனுப்பினேன். அந்த நாலு பித்தளை ஸ்க்ரூவும் ஒரு தயிர் டப்பாவில் என் மேசையில் இருக்கின்றன, கேட்டால் கொடுக்க.